காணொளியும் கைப்பழக்கமும்



ஆசிரியர் அருகில் இல்லாமல் ஒரு தொழிலைக் கற்றல் கூடுமா என்னும் வினா மிகப் பழைமையானது. ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அது புதிதன்று. மண்ணாற் செய்த உருவத்தைக் குருவாக நிறுத்தி வில்வித்தை பயின்றான் அவ்வேடன். இன்று மண்ணுருவின் இடத்துக்கு ஒளித்திரை வந்துள்ளது. மண்ணுரு பேசியதுமில்லை, மாணவனைப் பார்த்ததுமில்லை. திரையில் வரும் ஆசிரியரோ நன்றாகப் பேசுகின்றார், செய்தும் காட்டுகின்றார். ஆயினும் அவரும் மாணவனைப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு கற்றலில் எத்துணை முக்கியமானது என்பதை ஆராய்வதற்கு, மேலை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் ஈடுபட்டுள்ள ஒரு வீட்டுத் தொழில் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. அது வீட்டிலே பியர் காய்ச்சும் தொழில்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒரு நகரில் வாழும் தச்சர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவருடைய மகளின் திருமணத்துக்கு இன்னும் பத்து வாரங்கள் உள்ளன. விருந்துக்கு வருவோர்க்குத் தம் கையாற் செய்த பியரை வழங்கவேண்டும் என்பது அவர் ஆசை. தச்சுத் தொழிலை அவர் ஒரு மூத்த தச்சரிடம் பல ஆண்டுகள் நின்று கற்றவர். பியர் காய்ச்சுவதைக் கற்பிக்க அவருக்கு அத்தகைய ஆசான் எவருமில்லை. எனவே கைத்தொலைபேசியை அடுப்பங்கரை மேசையிற் சாய்த்து வைத்துக்கொண்டு, இணையத்திலுள்ள காணொளி ஒன்றைப் பார்த்துத் தொடங்குகின்றார்.

காணொளி கற்பிக்கும் செய்முறை இது. முதலில் முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கிக்கொள்ள வேண்டும். இதனை அந்நாட்டார் மோல்ட் என்பர். தானியத்தை ஏன் முளைக்கவைக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தாய்மார்க்கு விளங்காத பொருளன்று. முளைகட்டிய குரக்கனிற் காய்ச்சிய கஞ்சி மற்றைக் கஞ்சியிலும் இனிப்பதை அவர்கள் அறிவார்கள். முளைக்கும் விதையில் நொதியங்கள் தோன்றுகின்றன. அவை மாப்பொருளை உடைத்து வெல்லமாக்க வல்லவை. நொறுக்கிய மோல்ட்டை 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அந்நொதியங்கள் தம் வேலையைச் செய்து முடிக்கும். வெப்பம் மிகுதியாகக் கூடினால் நொதியங்கள் செயலிழந்துவிடும்.

அவ்வினிய சாற்றை வடித்தெடுத்து, ஹொப் என்னும் கொடியின் பூக்களை இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். பியருக்குரிய கசப்பும் மணமும் இப்பூவினாலேயே வருகின்றன. அது பியர் விரைவிற் பழுதாகாமலும் காக்கின்றது. கொதித்த சாற்றை விரைவாக 20 பாகை அளவுக்குக் குளிரச்செய்து, தூய்மை செய்த வாளி ஒன்றிலே ஊற்றி, அதனுள் மதுவத்தைத் தூவவேண்டும். மதுவம் என்பது பாணை உப்பச்செய்யும் ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்த நுண்ணங்கி. அது வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடும். வாளியின் மூடியில் நீர் நிறைந்த சிறு குழாய் ஒன்று பொருத்தப்படும். உள்ளே உண்டாகும் வாயு அதன் வழியே குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உட்செல்லாது. இரண்டு வாரங்களின் பின்னர், அளந்த சிறிதளவு சீனி சேர்த்துப் போத்தல்களில் அடைத்து, மேலும் இரண்டு வாரங்கள் வைத்தால் நுரைக்கும் பியர் ஆயத்தமாகும். வழக்கமாகச் செய்யும் ஒரு காய்ச்சலின் அளவு 5 அமெரிக்கக் கலன், அதாவது 19 லீற்றர். அது ஏறக்குறைய ஐம்பது போத்தல்களுக்குக் காணும்.

இவ்வளவையும் காணொளி பதினைந்து நிமிடத்திற் காட்டிவிடுகின்றது. தச்சர் அதனை மூன்று முறை பார்த்து, சொன்னபடியே செய்து, நான்கு வாரங்களின் பின் முதற் போத்தலைத் திறக்கின்றார். நிறம் நன்றாயிருக்கின்றது, நுரையும் எழுகின்றது. ஆனால் வாயருகே கொண்டு சென்றதும், காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டிய துணியின் நாற்றம் வீசுகின்றது. திருமணத்துக்கு இப்போது ஆறு வாரங்களே உள்ளன.

அவருக்கு நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், இத்தொழில் கற்பிக்கப்பட்டு வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பியர் காய்ச்சுதல் தொடக்கத்தில் வீட்டுத் தொழிலாகவே இருந்தது. மெசொப்பொத்தேமியாவில் கி.மு. 1800 அளவில் களிமண் ஏட்டில் எழுதப்பட்ட பாடல் ஒன்று, நின்காசி என்னும் தெய்வத்தைப் போற்றும்போது பியர் செய்யும் படிகளையும் சொல்லிச் செல்கின்றது. செய்முறையை நினைவில் இருத்துவதற்கு அப்பாடல் உதவியிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். இடைக்கால இங்கிலாந்திலே இது பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. மகள் தாயின் அருகில் நின்று கற்றாள். ஏடும் எழுத்தும் அக்கல்விக்குத் தேவைப்படவில்லை. நாற்றத்தையும் சூட்டையும் நுரையின் தோற்றத்தையும் அவள் தாயோடு சேர்ந்தே அறிந்துகொண்டாள்.

பின்னர் தொழில் பெரிய ஆலைகளுக்குச் சென்றது. வரியும் சட்டமும் வீட்டுக்குள் வந்தன. பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டின் சட்டம் வீட்டிற் காய்ச்சுவோர்க்கும் உரிமப்பத்திரம் வேண்டும் என விதித்தது. அந்நாட்டு நிதியமைச்சராயிருந்த ரெஜினால்ட் மோட்லிங் 1963ஆம் ஆண்டிலேயே அதனை நீக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்திலும் மோல்ட் பாகு கடைகளில் விற்கப்பட்டது. பலகாரம் செய்வதற்கு என்று சொல்லி விற்றார்கள். வாங்கியோர் பலர் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பது யாவரும் அறிந்த இரகசியம். மதுவிலக்கு நீங்கியபின் வீட்டில் வைன் செய்வதற்கு இடமளிக்கப்பட்டது; பியருக்கு அளிக்கப்படவில்லை. அக்குறை நீங்க நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1978ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கைச்சாத்திட்ட சட்டம், தனியொருவர் ஆண்டுக்கு 100 கலனும், வளர்ந்தோர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள குடும்பம் 200 கலனும் வரியின்றிக் காய்ச்ச இடமளித்தது. விற்பனைக்கு இடமில்லை. வடித்தெடுக்கும் சாராயத்துக்கும் அச்சட்டம் இடமளிக்கவில்லை. மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டம் உண்டாதலால், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013ஆம் ஆண்டிலேதான் இதனை அனுமதித்தன.

தடை நீடித்தபோது, தாயிடம் மகள் கற்ற தொடர்பு அறுந்துவிட்டது. சட்டம் வழிவிட்டபோது, கற்பிப்பதற்கு ஆளில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் ஒருவர் சார்லி பபேசியன். கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் பள்ளியாசிரியராயிருந்த அவர், 1970களில் வீட்டிற் பியர் காய்ச்சுவதற்கு வகுப்புகள் நடத்தினார். 1978ஆம் ஆண்டில் வீட்டிற் காய்ச்சுவோர்க்கு ஒரு சங்கம் நிறுவினார். 1984ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. ஒரு தலைமுறையினர்க்கு அந்நூலே ஆசானாயிற்று. கலிபோர்னியாவில் வீட்டிற் காய்ச்சுவோர்க்கான கடை ஒன்றை 1976ஆம் ஆண்டில் தொடங்கிய கென் குரோஸ்மன், நான்கே ஆண்டுகளின் பின் சொந்தமாகவே ஓர் ஆலையிற் பியர் காய்ச்சத் தொடங்கினார். 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைந்திருந்த அமெரிக்க ஆலைகளின் தொகை, 2020களின் தொடக்கத்தில் 9,000க்கு மேற்பட்டது. அவற்றைத் தொடங்கியோருள் பலர் தம் வீட்டு அடுப்பிலே பயின்றவர்கள்.

2005ஆம் ஆண்டில் யூரியூப் தளம் தொடங்கியபின், நூலின் இடத்தைக் காணொளி பெரிதும் எடுத்துக்கொண்டது. இம்மாற்றத்தின் நன்மையை மறுத்தல் நீதியன்று. கொதிக்கும் சாறு பொங்கி வழிவதற்கு முன் எவ்வாறு தோன்றும் என்பதை நூலாசிரியர் ஒரு பக்கம் எழுதினும் முழுமையாக உணர்த்த முடியாது. காணொளி அதனை ஒரு நொடியில் உணர்த்திவிடும். நின்று பார்க்கலாம், மீண்டும் பார்க்கலாம். ஒரு முறை கேட்டது விளங்காதபோது மறுமுறை கேட்க நாணும் மாணவனுக்கு, சலிப்படையாத இவ்வாசான் பெரிய துணை.

ஆனால் காணொளியிற் காணப்படாதவை மூன்று உள்ளன.

முதலாவது, காலம். மதுவம் வேலை செய்யும் இரண்டு வாரத்தைக் காணொளி ஒரே வெட்டிற் கடந்துவிடுகின்றது. இத்தொழிலின் கடினமான பகுதியோ அந்த இரண்டு வாரம்தான். குமிழி நின்றுவிட்டதே, முடிந்துவிட்டதா என்னும் ஐயம் அப்பொழுதுதான் எழும். அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தால் எஞ்சிய வெல்லத்தை மதுவம் உள்ளிருந்தே உண்ணும், வாயு பெருகும், கண்ணாடிப் போத்தல் குண்டுபோல வெடிக்கும். கையையும் கண்ணையும் இழக்கச் செய்யக்கூடிய விபத்து இது. இதனைத் தவிர்க்க நீரமானி என்னும் எளிய கருவி உண்டு. தண்ணீரில் 1.000 காட்டும் அக்கருவி, இனிய சாற்றில் 1.050 அளவிலும், நொதித்து முடிந்தபின் 1.010 அளவிலும் நிற்கும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினாலன்றிப் போத்தலில் அடைத்தல் ஆகாது. ஆனால் மூன்று நாளும் ஒரே எண்ணைக் காட்டும் கருவியைப் படம் பிடித்துக் காட்டுவதில் எவருக்குச் சுவை உண்டாகும்? ஆகவே அது வெட்டப்படுகின்றது. பார்ப்போர் அதனைத் தேவையற்றதென எண்ணிவிடுகின்றனர்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். 1516ஆம் ஆண்டில் பவேரியாவில் விதிக்கப்பட்ட புகழ்பெற்ற சட்டம், பியருக்கு வாற்கோதுமை, ஹொப், நீர் ஆகிய மூன்றையே அனுமதித்தது. மதுவத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது உயிருள்ள பொருள் என்பதை அக்காலத்தார் அறியார். லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டு, பியர் கெடுவதற்குக் காரணம் அதனுட் புகும் வேறு நுண்ணங்கிகளே எனக் காட்டினார். 1883ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் ஒரே கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். இன்று வீட்டிற் காய்ச்சுவோர் சிறு பொதியில் வாங்கும் மதுவம் அவ்வழி வந்ததே. காய்ச்சுவோருடைய வேலையிற் பெரும்பகுதி பாத்திரத்தைக் கழுவுதலும், கிருமிநீக்கும் நீரில் அமிழ்த்தலுமே ஆகும். இதனையும் காணொளி விரைந்து கடக்கின்றது.

மூன்றாவது, நாற்றமும் சுவையும். திரையில் வராத இவ்விரண்டுமே நம் தச்சரை இடர்ப்படுத்தின. அவர் இன்னும் பத்துக் காணொளிகளைப் பார்த்தார். ஒன்று மதுவத்தைக் குறை கூறிற்று. ஒன்று வாளியைக் குறை கூறிற்று. அவருடைய போத்தலை முகர்ந்து பார்க்க அவற்றுள் எதனாலும் இயலவில்லை. இறுதியில், வீட்டிற் காய்ச்சுவோர் மாதந்தோறும் கூடும் கழகம் ஒன்று தம் ஊரிலும் உண்டென அறிந்து, வெட்கத்தோடு ஒரு போத்தலை எடுத்துச் சென்றார். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் முகர்ந்து பார்த்த அளவில், "குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்தீர்களோ?" என்று கேட்டார்.

காரணம் அதுவே. நீரைத் தூய்மையாக்க நகரங்கள் சேர்க்கும் குளோரீனும் குளோரமீனும், சாற்றிலுள்ள பீனோல் வகைப் பொருள்களோடு சேர்ந்து குளோரோபீனோலாக மாறுகின்றன. மிக நுண்ணிய அளவிலேயே அதன் மருந்து நாற்றம் மூக்குக்கு எட்டும். நீரைக் கொதிக்கவைத்தாற் குளோரீன் நீங்கும். குளோரமீன் எளிதில் நீங்காது. அதற்கென விற்கப்படும் ஒரு மாத்திரையைப் பொடித்து நீரில் இட்டால் தீர்ந்தது. காணொளி தயாரித்தவர் தம் வீட்டுக் கிணற்று நீரைப் பயன்படுத்துபவராயிருந்தால், இதைச் சொல்ல அவருக்கு நினைவு வந்திராது. அவர் பொய் சொல்லவில்லை. தம் வீட்டில் இல்லாத இடரை அவர் அறியவில்லை, அவ்வளவே. தச்சர் கெட்டுப்போன 19 லீற்றரையும் கொட்டிவிட்டு, அன்றிரவே குறிப்புப் புத்தகம் ஒன்றைத் தொடங்கினார். நீர் எங்கிருந்து வந்தது, எத்தனை பாகை, எத்தனை நாள் என்பவையெல்லாம் அதிற் பதியப்பட்டன. ஐந்து வாரங்கள் எஞ்சியிருந்தன; ஒரு காய்ச்சலுக்குக் காலம் போதும். அம்மூதாட்டி இருமுறை வீட்டுக்கே வந்து முகர்ந்து பார்த்தார். திருமண மேசையில் வைக்கப்பட்டது அந்த இரண்டாவது காய்ச்சல்.

நேயர்களே, இவ்வகைக் கல்வியோடு நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வோர்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர், கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்த இலைநோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882ஆம் ஆண்டு வரை இங்கிருந்து, அந்நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது என்பதையும், அதன் வித்துகள் காற்றிற் பரவுவதையும் நிறுவினார். கோப்பியைக் காக்க இயலவில்லை. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் இங்கிலாந்தில் அவர் ஆராய்ந்த பொருள் இஞ்சிப் பியர். அக்காலத்தில் ஆங்கிலக் குடும்பங்கள் கட்டிகட்டியாக வளரும் ஒரு வெண்ணிறப் பொருளைச் சீனியும் இஞ்சியும் கலந்த நீரில் இட்டு அப்பானத்தைச் செய்துவந்தன. 1892ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில், அப்பொருள் ஒரு மதுவமும் ஒரு பக்றீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டு எனக் காட்டினார் வோர்ட்.

இவ்விஞ்சிப் பியரில் ஒரு பாடம் அடங்கியிருக்கின்றது. அவ்வெண்கட்டி வளர வளர, வீட்டார் அதிற் பாதியை அயலார்க்குக் கொடுப்பர். கொடுக்கும்போது, எவ்வளவு சீனி, எத்தனை நாள், எப்போது மூடியைத் திறக்கவேண்டும் என்பவற்றையும் வாயாற் சொல்லிக் கொடுப்பர். பிழைத்தால் அடுத்த வீட்டு வேலியருகே சென்று கேட்கலாம். பொருளும் அறிவும் கேட்பதற்கு ஆளும் ஒருங்கே வந்தன. இன்றைய காணொளி அறிவை மட்டும் அனுப்புகின்றது. ஏனையவற்றைக் கற்போரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

நம் நாட்டு இளைஞரும் இக்காணொளிகளைப் பார்க்கின்றனர். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கார்ட்டர் கைச்சாத்திட்ட சட்டம் கடல் கடந்து வருவதில்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமப்பத்திரமின்றி மது தயாரித்தல் குற்றமாகும். வீட்டுக்கு அளவாகச் செய்தோம் என்னும் விடை நீதிமன்றத்திற் செல்லாது. அன்றியும், மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்துள்ளது. திரையில் நுரையைக் காட்டுவோர் இவ்விரண்டையும் சொல்வது அரிது. இங்ஙனம் காணொளி வெட்டிவிடும் பொருள்களுள் சட்டமும் உடல்நலமும் அடங்கும்.

ஆயினும், நொதித்தலைப் பற்றிய அறிவுக்கு நாம் பிற நாட்டாரிடமே கையேந்த வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளில் சீவற்றொழிலாளர் ஒரே பாளையிலிருந்து இருவகைப் பானம் இறக்குவர். வெறும் முட்டியைக் கட்டினால் அதிற் சேரும் சாறு சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகின்றது. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமே அதற்குக் காரணம். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதித்தல் தடைப்பட்டு, இனிய கருப்பநீர் கிடைக்கின்றது. பனங்கட்டி பிறப்பது அதிலிருந்தே. பாஸ்டர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வேண்டியபோது அழைக்கவும் வேண்டாதபோது விலக்கவும் அவர்கள் கற்றிருந்தனர். எவ்வளவு சுண்ணாம்பு போதும், எவ்வளவு கூடினாற் சுவை கெடும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். அப்பத்துக்கு மாக் கரைக்கும் தாய், கள்ளோ மதுவமோ எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதை அன்றைய வெக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பதும் இத்தகைய அறிவே.

இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. அதனை உடையவர்கள் முதுமை அடைந்துகொண்டிருக்கின்றார்கள். தடை நீங்கியபோது அமெரிக்கர் கற்பிப்பதற்கு ஆள் தேடி நின்றனர் எனக் கண்டோம். அந்நிலை நம் பனங்கட்டித் தொழிலுக்கும் நேராமல் இருக்கவேண்டுமாயின், நம் மாணவர் அப்பெரியோரிடம் சென்று, கைத்தொலைபேசியில் அவர்களுடைய கைவேலையைப் படம் பிடித்து வைத்தல் நன்று. படம் பிடித்த பின்னர், அதே முட்டியைத் தாமும் ஒருமுறை பூசிப்பார்த்து, அதனை அவர்களிடம் காட்டித் திருத்தம் பெறுதல் அதனினும் நன்று.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் காணொளி பார்த்து எதையேனும் செய்யப் புகும்போது, "பார்க்காதே" என்று தடுப்பதாற் பயன் சிறிதே. அருகில் அமர்ந்து, "இவர் எத்தனை நாளை வெட்டிவிட்டார்? இவர் வீட்டுத் தண்ணீரும் நம் வீட்டுத் தண்ணீரும் ஒன்றா? பிழைத்தால் யாரைக் கேட்பாய்? இதற்கு நம் நாட்டுச் சட்டம் இடந்தருமா?" என்று கேளுங்கள். இந்நான்கு வினாக்களுக்கும் விடை தேடும் பிள்ளை, எந்தக் காணொளியாலும் எளிதில் ஏமாறமாட்டாது.

வானொலியும் ஒருவகையில் அக்காணொளியைப் போன்றதே. பேசுகின்றது, கேட்போரைப் பார்ப்பதில்லை. ஆகவே இன்று இங்கே கேட்டதைப் பற்றி, நாளை உங்கள் ஊரில் முட்டி கட்டும் ஒருவரிடமோ, அப்பம் சுடும் ஒருவரிடமோ பேசிப்பாருங்கள். இங்கே விடுபட்டதை அவர் சொல்லுவார்.